ஷிப்மெண்ட் போன சனிக்கிழமைகள்

திருப்பூர்
12.6.1996

அன்புள்ள அக்காவுக்கு,

போன சனிக்கிழமை சாயங்காலம் நான் பிராந்திக் கடை வாசலில் பிடிபட்டேன். பயப்படாதே, போலீஸ் இல்லை. எங்கள் கம்பெனி முதலாளி. என் ஒரு கையில் உன் மகன் பெரியகருப்பனின் ஒற்றைச் செருப்பு. இன்னொரு கையில் அவன் பாதி குடித்து மீதம் வைத்த பாட்டில். தோளில் அவன். பாட்டிலைப் பிடுங்கிய நான் அதைச் சாக்கடையில் போட்டிருக்கலாம். காசு கொடுத்து வாங்கிய பொருளாயிற்றே என்று என் கை விடவில்லை. அந்த நேரம் பார்த்து முதலாளி வண்டியை நிறுத்தி, "ஏனுங்க சீனிச்சாமி, நீங்களுமா?" என்று கேட்டார். பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டார்.

திங்கட்கிழமை ஆபீசுக்குள் கூப்பிட்டார். வயதுக்கு வந்த பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு குடிக்கலாமா என்று வெகுநேரம் புத்தி சொன்னார். என் தோளில் முகம் கவிழ்ந்து கிடந்தவன் தன் கம்பெனி ஆள் என்று அவருக்குத் தெரியவில்லை, உண்மையைச் சொன்னால் கருப்பனுக்கு வேலை போகும். அதனால் இனிமேல் தொடவே மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்துவிட்டு வந்தேன். இந்த வயதில், ஒருநாளும் குடிக்காத குடியை நான் விட்டுவிட்டேன் அக்கா. செக்கிங் செக்‌ஷனில் என்னிடம் வேலை பார்க்கும் பெண்கள் இரண்டு நாளாக என் வாய்ப் பக்கம் காற்றை முகர்ந்து பார்க்கிறார்கள்.

ஆவணியில் நம் சந்தனத்துக்கும் கருப்பனுக்கும் முடித்துவிடலாம் என்று எழுதியிருந்தாய். என் மகள்மேல் உனக்கு முறை உண்டு. நான் மறுக்கவில்லை. அவன் தையலில் கெட்டிக்காரன், ஓவர்லாக்கில் உட்கார்ந்தால் பக்கத்து மிஷின்காரன் பொறாமைப்படுவான். ஆனால் இங்கே சனிக்கிழமை என்று ஒன்று இருக்கிறது. சம்பளம் அன்றைக்குத்தான். ஷிப்மெண்ட் லாரியில் ஏறிய சனிக்கிழமை என்றால் காண்ட்ராக்டர் வெள்ளையன் தன் ஆட்களுக்குப் பாட்டில் வாங்கித் தருவான். தூக்கமில்லாமல் தைத்த உடம்புக்கு அது மருந்து என்பான். அந்த மருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் வேலை செய்கிறது. அதுவரை உன் மகன் எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான் என்று அவனுக்கே தெரியாது. வந்து படுத்தபிறகு, அவன் வாசலில் எடுத்த வாந்தியை என் வீட்டுக்காரி சாம்பலைக் கொட்டி அள்ளுகிறாள். அவள் முகத்தை அந்த நேரத்தில் நான் பார்ப்பதில்லை.

ஒரு வருஷம் போகட்டும் அக்கா. அவன் கொஞ்சம் நிலைக்கு வரட்டும்.

இதை உனக்கு வாசித்துக் காட்டும் எதிர்வீட்டுச் சின்னத்தாய்க்கு என் ஆசி. பத்தாவது படித்த கை என்று அவள் எழுத்திலேயே தெரிகிறது. எட்டாவதோடு நின்றவனின் கோழிக் கிறுக்கலைப் பொறுத்துக்கொள்ளச் சொல்.

தம்பி,
சீனிச்சாமி


வெள்ளாங்குளம்
24.6.1996

தம்பி சீனிச்சாமிக்கு உன் அக்கா பாண்டியம்மாள் சொல்லச் சொல்ல, சின்னத்தாய் எழுதுவது.

நீ எழுதியதை இந்தப் பிள்ளை வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. முதலாளி உன்னைத் திட்டினாராம். அது பெரிய கதை. என் பிள்ளை சோறு தின்றானா என்று ஒரு வரி உண்டா?

ஆம்பிளைப் பிள்ளை. ராத்திரி பகல் பார்க்காமல் தைக்கிறவன். வாரத்தில் ஒருநாள் நாலு பேரோடு சேர்ந்து குடிக்கிறான். உன் மச்சான் குடிக்கவில்லையா? அந்த மனுஷனோடு சாகும்வரைக்கும் நான் குப்பை கொட்டவில்லையா? பொண்டாட்டி என்று ஒருத்தி வந்து, பிள்ளை என்று ஒன்று மடியில் கிடந்தால் எந்தக் குடியும் நிற்கும். நீ ஒரு வருஷம் போகட்டும் என்கிறாய். குடிகாரன் தனியாகக் கிடந்து திருந்துவானா, குடும்பத்தோடு இருந்து திருந்துவானா? நீயே சொல்.

அவனை உன் கையில்தானே பிடித்துக் கொடுத்தேன்? இங்கே இருந்தவரைக்கும் அவனுக்குப் பிராந்தி வாசம் தெரியாது. அவனைக் கெடுத்தது திருப்பூர். எனக்குத் திருப்பூர் என்றால் நீதான், வேறு யாரையும் அங்கே தெரியாது.

டவுனுக்குப் போனதும் மகளுக்குப் பேண்ட் போட்ட மாப்பிள்ளை தேடுகிறாயோ என்னவோ. முறை முறைதான். ஆவணியில் தேதி பார்க்கிறேன்.

அக்கா
பாண்டியம்மாள்

சித்தப்பா, அத்தை உங்களைச் சொன்ன இரண்டு வார்த்தைகளை நான் எழுதவில்லை. அத்தைக்கு அது தெரியாது. - சின்னத்தாய்


திருப்பூர்
2.9.1996

அக்காவுக்கு,

ஆவணி போகப்போகிறது. நான் தேதிக்குச் சம்மதம் எழுதவில்லை என்று கோபத்தில் இருப்பாய். இப்போது எழுதப்போவதைக் கேட்டால் இன்னும் வரும்.

கருப்பனுக்கு ஆடியிலிருந்தே உடம்பு சரியில்லை. இருமல், விட்டு விட்டுக் காய்ச்சல். பனியன் பஞ்சு நெஞ்சில் அடைத்திருக்கும் என்று இங்கே எல்லோரும் சொல்வதை நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆள் பாதியானதும் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மறுபடியும் வரச்சொல்லி இன்னொரு முறை பார்த்தார்கள். முடிவு சொல்லிவிட்டார்கள்.

அதை இதில் எழுத முடியாது. நீ கிளம்பி வா. மதுரை வந்து பஸ் மாறினால் சாயங்காலத்துக்குள் வந்துவிடலாம். நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். உன் காதில் மட்டும் சொல்ல வேண்டியது. வாசிக்கிற பிள்ளை தப்பாக நினைக்கக் கூடாது, அவளிடம் மறைக்க வேண்டும் என்று இல்லை, அவள் வயதுக்கு வாசிக்கத் தகாதது.

இன்னொன்றையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். சந்தனத்தைக் கருப்பனுக்குக் கொடுக்க மாட்டேன். ஒரு வருஷம் கழித்தும் இல்லை. ஏன் என்று வந்தால் சொல்கிறேன். வரும்போது என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொண்டே வா, பஸ்ஸில் பொழுது போகும்.

சீனிச்சாமி


வெள்ளாங்குளம்
20.9.1996

சீனிச்சாமிக்கு,

பஸ் ஸ்டாண்டில் வைத்து நீ என் காதில் ஊற்றியதை அங்கேயே துப்பிவிட்டு, என் பிள்ளையை என்னோடு கூட்டி வந்துவிட்டேன். உன் வீட்டில் ஒருவாய் தண்ணீர் குடிக்கவில்லை என்று உன் வீட்டுக்காரி அழுதாளாம். அழட்டும்.

அவனுக்கு இருக்கிறது சளி. நெஞ்சுச் சளி. இங்கே வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, ரத்தம் சூடேறிக் கெட்டிருக்கிறது, ஒரு மண்டலம் கஷாயம் குடித்தால் சுத்தமாகிவிடும் என்று சொல்லிவிட்டார். உன் கோயம்புத்தூர் ஊசிக்காரர்களுக்கு என்ன தெரியும்? முகத்தைப் பார்க்கிறார்களா, நாடியைப் பார்க்கிறார்களா? கண்ணாடிக் குழாயைப் பார்த்து ஒரு மனுஷனைச் சொல்லிவிடுவார்களா?

பெண் கொடுக்க மனசில்லை என்றால் மனசில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதற்காக ஒரு பிள்ளையின் தலையில் இப்படியா பழியைப் போடுவது? கேட்ட என் காது கூசுகிறது. சொன்ன உன் வாய் எப்படி இருக்கிறது?

உன் மகள் ஒருத்திதான் பெண்ணா? என் மகனுக்கு நான் பெண் பார்ப்பேன்.

பாண்டியம்மாள்

சித்தப்பா, என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அத்தை அழுதுகொண்டே சொல்கிறார்கள். மச்சானுக்கு இப்போது இருமல் குறைந்திருக்கிறது. - சின்னத்தாய்


திருப்பூர்
1.10.1996

அக்கா,

கஷாயம் கொடு. கோழிச்சாறு கொடு. அவனுக்கு எது நல்லதோ அதையெல்லாம் செய், நான் இங்கிருந்து என்னால் ஆனதை அனுப்புகிறேன். பெண் மட்டும் பார்க்காதே.

நான் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் என்றால் என் நாக்கு அழுகிப் போகட்டும். இதற்கு மேல் எழுத என் கை வரவில்லை. வாசிப்பது ஒரு சின்னப்பிள்ளை. உனக்குப் புரியும். நான் சொன்னது உனக்குப் புரியவில்லையோ என்று முதலில் பயந்தேன். இப்போது, புரிந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

சீனிச்சாமி


வெள்ளாங்குளம்
18.11.1996

என் கூடப்பிறந்த தம்பிக்கு அக்காவின் ஆசிகள்.

கோபத்தில் ஏதேதோ சொல்லிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. கருப்பன் தேறிவிட்டான். கன்னத்தில் சதை வைத்துவிட்டது. இங்கே வந்து கஷாயம் குடிக்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை. கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலையும் போட்டுவிட்டான். காலையில் எழுந்து குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு அவன் வருவதை நீ பார்க்க வேண்டும்.

தை மாதம் கல்யாணம் பேசி முடித்தாயிற்று. பெண் யார் என்று கேட்பாய். இதை எழுதிக்கொண்டிருக்கிறவளேதான். எழுதச் சொன்னால் எழுதாமல் பேனாவைக் கடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். தலையில் ஒரு குட்டு வைத்து எழுத வைத்திருக்கிறேன். தகப்பன் இல்லாத பிள்ளை. அவள் ஆத்தா என்னோடு தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவள். அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது, நானும் ஒன்றும் கேட்கவில்லை. கருப்பனிடம் கேட்டேன், சரி என்று தலையாட்டினான்.

நீ தாய்மாமன். நீ இல்லாமல் கல்யாணம் இல்லை. சந்தனத்தையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு முதல் நாளே வந்துவிடு. பழையதைப் பேசாமல் வந்து நின்றால் போதும். உன்னிடம் நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

அக்கா
பாண்டியம்மாள்

சித்தப்பா, அவசியம் வாருங்கள். என் அப்பா இருந்திருந்தால் எங்கே நிற்பாரோ அங்கே நீங்கள்தான் நிற்க வேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னாள். எனக்கும் அதுதான் ஆசை. - சின்னத்தாய்


திருப்பூர்
25.11.1996

விலாசத்தில் அக்கா பெயர் இருக்கிறது. ஆனால் சின்னத்தாயீ, இது உனக்கு.

சத்தமாக வாசிக்காதே அம்மா. முதலில் மனசுக்குள் முழுவதும் படி. என்ன எழுதியிருக்கிறான் என்று அத்தை கேட்டால், எழுத்து விளங்கவில்லை என்று சொல். என் எழுத்தைப் பார்த்த யாரும் அதை நம்புவார்கள்.

பெரியகருப்பனுக்கு எய்ட்ஸ் கிருமி ரத்தத்தில் இருக்கிறது. கோயம்புத்தூரில் இரண்டு முறை ரத்தம் எடுத்துப் பார்த்து இரண்டு முறையும் அதையே சொன்னார்கள். அங்கே டாக்டரம்மா என்னை வைத்துக்கொண்டு, அவனுக்கு விளங்கும்படி சொன்னார். கல்யாணம் செய்தால் கட்டிக்கொள்கிறவளுக்கு வரும், அவளுக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் வரலாம், இதைத் தீர்க்க இன்று மருந்து இல்லை என்றார். அவன் தலையைத் தலையை ஆட்டினான். உன் அத்தைக்குப் பல்லடம் பஸ்கள் நிற்கிற பக்கம் வைத்து நான் சொன்னது இதைத்தான். இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்துதான் உன் தலையில் குட்டு வைத்து எழுத வைத்திருக்கிறார்கள். உன் கல்யாணச் செய்தியை உன் கையாலேயே எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் பிள்ளைக்கு எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டே இருந்ததில்தான் காரியம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

போன வருஷம் எங்கள் கம்பெனிக்கு ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வந்தார்கள். சர்க்கரை நோய் பார்க்க வந்திருக்கிறார்கள், முடிந்ததும் பன்னும் டீயும் தருவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி நான் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். அவர்கள் மேஜையில் ஒரு மரக்கட்டையை எடுத்து வைத்தார்கள். அதில் உறையை எப்படி மாட்டுவது என்று காட்ட வேண்டும், கூட்டத்தில் மூத்தவர் யாராவது அதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மூத்தவன் நான்தான். பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பெனியே சிரித்தது, அதில் கருப்பன் சிரிப்புதான் பெரிது. ஆனால் அவர்கள் சொன்ன எல்லாவற்றையும் அவன் கேட்டான். இந்த நோய் எப்படி வரும், எப்படி வராது என்று திருப்பி ஒப்பிக்கக்கூடச் செய்தான். கொடுத்த பாக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அந்த வாரம் ஷிப்மெண்ட் போனது. வெள்ளையன் வழக்கம்போலப் பாட்டில் வாங்கினான். பாட்டிலோடு முடிவதில்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. குடித்து முடித்தவர்களைக் கும்பலாக ஒரு லாட்ஜுக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள், ஆட்டு மந்தையைப் போல. திங்கட்கிழமை என் வீட்டுக்காரி கருப்பன் சட்டையைத் துவைத்தபோது பையில் அந்தப் பாக்கெட் பிரிக்காமல் இருந்தது. ஷாம்பு என்று நினைத்து எடுத்துக் குளிக்கிற இடத்தில் வைத்துவிட்டாள். நான் அதை எடுத்துக்கொண்டு போய் அவனிடம் காட்டினேன். தப்பித்துவிட்டான், எங்கும் போகவில்லை போலிருக்கிறது என்றுகூட ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அவன் சொன்னான்: "எல்லாம் தெரியும் மாமா. பாக்கெட் பையிலதான் இருந்துச்சு. உள்ள போனப்புறம் எனக்குப் பையி எங்க இருக்குன்னே தெரியல."

எந்த லாட்ஜ் என்று கேட்டேன், தெரியவில்லை. அந்தப் பெண் யார், எந்த ஊர், முகம் எப்படி இருக்கும்? எதுவும் தெரியவில்லை. அதற்கு முன்னும் எத்தனை சனிக்கிழமை போனான் என்பதும் தெரியவில்லை. அவளும் எவளோ ஒருத்திக்கு அக்காவாக இருப்பாள். அவளால் இவனுக்கு வந்ததா, இவனால் அவளுக்குப் போனதா, இவனுக்குத் தெரியாது. ஒரு மனுஷியிடம் போய்விட்டு வந்து, வாந்தி எடுத்த இடம் மட்டும் ஞாபகம் இருக்கிறது என்கிறான். டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு அது புதிதாக இல்லை. "இங்க வர்றவங்க பாதிப் பேரு இதையேதானுங்க சொல்றாங்க. காதுல கேட்டது எல்லாம் நெனவு இருக்குதுங்க. அதைச் செய்யற நேரத்துல புத்தியை பாட்டில்ல விட்டுப் போட்டு வந்தர்றாங்க" என்றார்.

வெள்ளையனிடமும் கேட்டேன். ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் இப்படிச் செய்கிறாயே, நீயும் பிள்ளை பெற்றவன்தானே என்றேன். பல் குத்திக்கொண்டே பதில் சொன்னான். பசங்க சந்தோஷமா இருந்தாத்தானுங்க அடுத்த ஆர்டர் நேரத்துல முடியும், நீங்க பெரியவரு உங்களுக்கு இதெல்லாம் வேண்டாங்க என்றான். அவன் பல்லில் ஊறுகாய் ஒட்டியிருந்தது. இன்றைக்கு வரைக்கும் என்னால் ஊறுகாய் தொட முடியவில்லை.

கருப்பனை வெறுக்காதே. அவன் குடித்த தண்ணீரைக் குடித்தால் வராது, தொட்டால் வராது, பக்கத்தில் உட்கார்ந்தால் வராது. இதை அறிவாளி மாதிரி உனக்கு எழுதுகிற நானே அவன் டம்ளரைத் திரும்பத் திரும்பச் சோப்புப் போட்டுக் கழுவியவன்தான். டம்ளரைப் புதைத்துவிடலாமா அம்மா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "டம்ளர் என்னங்க பண்ணுச்சு?" என்று கேட்டார். அவனுக்குச் சோறு போடு, பேசு, அத்தை மகன் என்று பார்த்துக்கொள். கழுத்தை மட்டும் நீட்டாதே.

நீ என்னைச் சித்தப்பா என்று எழுதுகிறாய். முறையைச் சொல்லித்தான் அக்கா என் மகளைக் கேட்டாள். அந்த முறைப்படியே பார்த்தால் நீயும் எனக்கு மகள்தான். சந்தனத்துக்கு வேண்டாம் என்று சொன்ன வாய், உனக்கு என்றதும் மூடிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்தால் அது வாயா? உன் அப்பா இடத்தில் நிற்கச் சொன்னாய். நின்றுதான் இதை எழுதுகிறேன்.

மாட்டேன் என்று சொல்ல உனக்குத் துணிச்சல் வரவில்லை என்றால் உன் அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டு. அதுவும் முடியாது என்றால் ஒரு கார்டு போடு. வெறும் கார்டு போதும், எதுவும் எழுத வேண்டாம். வந்து நான் சொல்கிறேன்.

அக்கா, நீ இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், என்னை மன்னிக்க வேண்டாம்.

சீனிச்சாமி


வெள்ளாங்குளம்
9.12.1996

சீனிச்சாமிக்கு,

இதைப் போஸ்ட்மேன் எழுதுகிறார். எனக்கு எழுத வேறு ஆள் இல்லை. ஏன் இல்லை என்று உனக்குத் தெரியும்.

சின்னத்தாய் என் பக்கத்தில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் பிரித்தாள். வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். தனக்குள்ளேயே படித்தாள். என்னடி என்றேன். எழுந்து போய் அவள் ஆத்தாளைக் கூட்டி வந்தாள். உள்ளே படுத்திருந்த கருப்பனையும் எழுப்பி வந்து எதிரே உட்கார வைத்தாள். அப்புறம் முதல் வரியிலிருந்து சத்தம் போட்டு வாசித்தாள். நீ வாசிக்காதே என்று எழுதியதையும் சேர்த்து வாசித்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். ஷாம்பு பாக்கெட்டைக்கூட விடவில்லை. எழுத்து விளங்காத இடத்தில் விரலை வைத்துக் கூட்டிப் படித்தாள்.

முடித்துவிட்டு அவனிடம், "நிசமா மச்சான்?" என்று ஒன்றுதான் கேட்டாள். அவன் தரையைப் பார்த்தான். என்னிடம் கேட்பாள் என்று நினைத்தேன். என்னைக் கேட்கவே இல்லை. காகிதத்தை மடித்து என் மடியில் வைத்துவிட்டு ஆத்தாளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

தீப்பெட்டி ஆபீசில் இப்போது என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. கருப்பன் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு எங்கேயோ போய்விட்டான். அங்கேதான் வருவான். வந்தால் வைத்துக்கொள், இல்லை துரத்திவிடு.

வைத்தியர் சுத்தமாகிவிடும் என்று சொன்னார். நான் அதை நம்பினேனா என்று கேட்காதே. ஒரு பேரப்பிள்ளையைத் தூக்கிவிட்டுச் செத்துப்போக நினைத்தேன், அவ்வளவுதான். எவள் வயிற்றில் பிறந்தால் என்ன என்று நினைத்தேன்.

இனி எனக்கு எழுதாதே.

பாண்டியம்மாள்


முதலிபாளையம், திருப்பூர்
3.3.1997

அக்கா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். வாசிப்பது யார் என்று தெரியவில்லை. போஸ்ட்மேன் என்றால் அவருக்கு என் வணக்கம். உங்கள் எழுத்து நன்றாக இருந்தது, வரிகளில்தான் நெருப்பு இருந்தது.

கருப்பன் மார்கழியில் இங்கே வந்தான். பஸ் ஸ்டாண்டிலேயே குடித்துவிட்டுத்தான் வந்தான். வாசலில் உட்கார்ந்து, உள்ளே வரலாமா மாமா என்று கேட்டான். கேட்ட விதத்தில் எனக்கு அவன்மேல் இருந்த அருவருப்பெல்லாம் என்மேல் திரும்பிவிட்டது. வா என்றேன். சந்தனம் தட்டு வைத்தாள்.

நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா வேலாத்தாளுக்கு யார் சொன்னார்களோ, மறுநாளே வந்து நின்றார். நல்ல மனுஷி, பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிறவர். "தப்பா நெனச்சுக்காதீங்க சாமி. அந்தத் தம்பி பொழங்கற தண்ணித்தொட்டியிலதானுங்க எங்கூட்டுக் கொழந்தைகளும் பொழங்குது. ஊட்டைக் காலி பண்ணிப் போடுங்க" என்று தன்மையாகச் சொன்னார். கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதைக்கூட இந்த ஊரில் இவ்வளவு மரியாதையாகச் செய்வார்கள். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் நான் எடுத்துச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, போகும்போது கதவைக் கையால் தொடாமல் முழங்கையால் தள்ளிக்கொண்டு போனார். அதனால்தான் இந்தப் புது விலாசம். ஓட்டு வீடு, தண்ணீருக்கு நடக்க வேண்டும். நடந்தால் என் தொப்பை குறையும் என்று சந்தனம் சொல்கிறாள்.

வெள்ளையன் கருப்பனை விசாரித்தான். உடம்பு என்ன என்பதைச் சொன்னேன். இனியாவது மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போக மாட்டான் என்று நினைத்தேன். "அவனுக்கு ஒடம்புல தெம்பு பத்தலீங்க. நம்ம பசங்களுக்கு ஒண்ணும் ஆவாதுங்க" என்றான். போன சனிக்கிழமை ஷிப்மெண்ட் ஏறியது. பாட்டில் வந்தது. கருப்பன் உட்கார்ந்திருந்த மிஷினில் இப்போது உட்கார்ந்திருப்பவனையும் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போனான். நான் வழியில் நின்று, போகாதேடா என்று அவனிடம் சொன்னேன். முதலாளியிடம் குடியை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்தவர் இவர்தானே என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

சின்னத்தாயிடமிருந்து கார்டு வரவில்லை. அவள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

கருப்பன் எழுந்து நடப்பது குறைந்துவிட்டது. குடியும் குறைந்துவிட்டது, உடம்பு கேட்பதில்லை. நான் வேலை முடிந்து வந்ததும் கஞ்சி ஊட்டுகிறேன். பாதி என் சட்டையில். நேற்று குடித்து முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "குடிதான் மாமா என்னைக் கெடுத்துருச்சு. அந்தச் சனியன் மட்டும் இல்லன்னா நான் நல்லவன் மாமா" என்றான்.

ஆமாம்ப்பா என்று சொல்லி வாயைத் துடைத்துவிட்டேன். அவன் சொன்னதில் பாதியை நானும் ஒத்துக்கொள்கிறேன். அந்த லாட்ஜுக்கு அவனை நடத்திக்கொண்டு போனது குடிதான், பையிலிருந்த பாக்கெட்டை மறக்கடித்ததும் குடிதான். அதற்கு மேல் பேசினால் இருமல் வந்துவிடும் என்று போர்வையை இழுத்து மூடினேன்.

வாய்வரைக்கும் வந்து நான் அவனிடம் சொல்லாமல் விழுங்கியது ஒன்று உண்டு. அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொள்கிறாயா என்று நீ கேட்டதற்குச் சரி என்று தலையாட்டிய அன்றைக்கு அவன் ஒரு சொட்டுக் குடித்திருக்கவில்லை.